வீட்டில் புதுக் குழந்தை. மூத்த பேத்தியை வெளியே அழைத்துப் போவது எப்படி?

தி.நகர் தாத்தா:
வணக்கம். மகள் இரண்டாவது பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். பேரன் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. மூத்தவள் பேத்தி, மூன்று வயது முடிந்துவிட்டது. வாரம் இரண்டு மூன்று தடவை அவளை வெளியே அழைத்துப் போனால் மகள் கொஞ்சம் கண்ணயரலாம் என்று யோசனை. எனக்கு 67 வயது, சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு முழங்கால் வலி. கார் கிடையாது, பஸ், எலெக்ட்ரிக் ட்ரெயின், ஆட்டோதான். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எங்கே, கையில் என்ன கொண்டுபோவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் பாட்டி:
எங்கே போகிறீர்கள் என்பதைவிட எப்படிக் கிளம்புகிறீர்கள் என்பதுதான் முதலில். "பாப்பா தூங்குறான், சத்தம் போடாதே, வா வெளியே போகலாம்" என்று சொல்லிக் கூட்டிப்போனால், தம்பி வந்ததால் தன்னை வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள் என்றுதான் அந்தக் குழந்தைக்குப் படும். நாலு தடவை அப்படி நடந்தால் செருப்பைக் கண்டாலே அழ ஆரம்பித்துவிடும். முந்தின நாள் ராத்திரியே, "நாளைக்குத் தாத்தாவும் நீயும் ரயில்ல போறீங்க" என்று அவள் அம்மா வாயால் சொல்ல வையுங்கள். கிளம்புவதற்கு முன்னால் குழந்தையைப் பாட்டி வாங்கிக்கொண்டால், பத்து நிமிடமாவது மகளின் கை இரண்டும் பேத்திக்குக் கிடைக்கும். தலை வாரிவிடுவதையும் செருப்பு மாட்டிவிடுவதையும் அவளே செய்யட்டும்.

திரும்பி வந்ததும் இதேதான். கை கால் கழுவி உடுப்பு மாற்றியதும் பேத்தி நேராக அம்மாவிடம் போகவேண்டும். அந்த நேரத்தில் அம்மா மடியில் தம்பி இருக்கக்கூடாது. பொறுக்கி வந்த இலையோ கூழாங்கல்லோ எதுவானாலும் அம்மாவிடம் காட்டிக் கதை சொல்லட்டும்.

இன்னொன்று. வருகிற போகிற உறவுக்காரர்கள், "இனிமே தம்பிதான் செல்லம், உன்னை யார் பார்ப்பா?" என்று சீண்டுவார்கள். விளையாட்டுக்குச் சொல்வதுதான், ஆனாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பழக்கிய பிள்ளை மறுபடி உடுப்பில் மூத்திரம் போவது, விரல் சூப்புவது, "எனக்கும் ஊட்டு" என்பது எல்லாம் இந்தச் சமயத்தில் சகஜம். திட்டாமல் விட்டால் தானே அடங்கும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
பெரம்பூர் பாட்டி சொன்னதோடு, மகள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அதே நேரத்துக்கு வாருங்கள். சீக்கிரம் வந்தாலும் சிரமம்தான், அப்போதுதான் கண்ணை மூடியிருப்போம். நடுவில் போன் பண்ணி, "சாப்பிட்டுட்டா, தூங்கப் பாக்குறா, என்ன பண்றது" என்று கேட்டால் ஓய்வு போச்சு. போட்டோவையும் வந்து காட்டுங்கள். எதை வாங்கித் தரலாம், எது கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வேண்டாம் என்று சொன்ன மிட்டாயைத் தாத்தா ரகசியமாக வாங்கித் தந்து, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று பழக்குவதுதான் வீட்டில் பெரிய சண்டையாகும்.

கோவைப் பெரியவர்:
நேரக்கணக்கு சொல்றேனுங்க. மூணு வயசுப் பிள்ளைக்குப் பசி, தூக்கம், மூத்திரம் இந்த மூணும்தான் கடிகாரம். காலை எட்டு மணிக்கு டிபன், எட்டே முக்காலுக்கு ஒருதரம் பாத்ரூம், ஒன்பதுக்குக் கிளம்பினா பதினொண்ணரைக்கு வீடு. மதியச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னாடி வந்துடணுமுங்க. தூக்கத்தை ஒட்டி இழுத்தீங்கன்னா கடைசி அரை மணி நேரம் முழுக்க அழுகைதான். போற வழி அரை மணிக்கு மேல வேண்டாம். ஏப்ரல், மே மாசம்னா காலை ஆறரையிலிருந்து எட்டரை, இல்லாட்டி சாயங்காலம் நாலரைக்கு மேலதான்.

தூரத்துக்கு நான் வைக்கிற அளவு: திரும்பும்போது எவ்வளவு தூரம் தூக்கிட்டு நடக்க முடியுமோ அவ்வளவுதான் போகணும். மூணு வயசுப் பிள்ளை சுமார் 14 கிலோ இருக்கும். "நானே நடப்பேன்"னு துள்ளிக்கிட்டுப் போகும், வரும்போது கையை விரிச்சுட்டு நிக்கும். முழங்கால் வலி இருக்கிற பாட்டி அதைத் தூக்கவே கூடாதுங்க. தாத்தாவும் குனிஞ்சு இழுக்காம, உட்கார்ந்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எழுந்திரிக்கணும். மடக்கு ஸ்ட்ரோலர் ஒண்ணு வாங்கிட்டா நல்லது. எத்தனை கிலோ தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கும், 15 கிலோ வரைக்கும்தான்னு இருக்கிறது பல உண்டு. பார்த்து வாங்குங்க.

மதுரை அம்மாச்சி:
ஸ்ட்ரோலரெல்லாம் நம்ம நடைபாதைக்கு எதுக்கு? பத்தடிக்கு ஒரு பள்ளம், ஒரு ட்ரான்ஸ்பார்மர், ஒரு பைக். மூணு வயசுக்கு ஊரைச் சுத்திக் காட்டணும்னே இல்லை. தெருமுனை இஸ்திரி வண்டியில கரி கனகனன்னு எரியிறதைக் காட்டுங்க, ரெண்டு எட்டுத் தள்ளி நின்னு. மாவு மில்லு, பூக்கட்டுற இடம், மாட்டுக்குக் கீரைக்கட்டு வாங்கிக் குடுக்கிறது, கோயில் யானை வந்தா அது. முக்கால் மணி நேரம் ஓடிப்போகும். பெருசா போறதை வாரம் ஒருநாள் வச்சுக்கங்க, மத்த ரெண்டு நாளும் தெருவே போதும்.

கோவைப் பெரியவர்:
தெருவுக்கு ஸ்ட்ரோலர் வேண்டாங்க, அம்மாச்சி சொல்றது சரி. பூங்கா, மியூசியம், மெட்ரோ ஸ்டேஷன் மாதிரி இடத்துக்குத்தான் சொன்னேன்.

தாம்பரம் பயணி:
தி.நகரிலிருந்து என்பதால் இடங்களைச் சொல்கிறேன். நடந்து போகும் தூரத்தில் வெங்கட்நாராயணா சாலையில் நடேசன் பூங்கா இருக்கிறது. முதல் இரண்டு வாரம் அங்கேயே போய்ப் பழக்குங்கள். மாநகராட்சிப் பூங்காக்கள் பல நடுப்பகலில் பூட்டியிருக்கும், நேரத்தைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும்.

அடுத்தது ரயில். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது, இந்த வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய விளையாட்டுச் சாமான் கிடையாது. மாம்பலத்தில் ஏறி இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கி, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு ரயிலை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினாலே ஒரு முழு உல்லாசப் பயணம். ஐந்து வயதுக்குள் டிக்கெட் வேண்டாம். காலை எட்டிலிருந்து பத்தரை வரை நெரிசல், அதைத் தவிருங்கள்; கோவைப் பெரியவர் சொன்ன ஒன்பது மணிக் கணக்கு ரயில் நாளுக்கு மட்டும் பொருந்தாது. ரயில் அரை நிமிடம்தான் நிற்கும். ஏறும்போது பாட்டி முதலில், குழந்தை நடுவில், தாத்தா கடைசியில். இறங்கும்போது தாத்தா முதலில் இறங்கிக் கையை நீட்டட்டும். பெண்கள் பெட்டியில் தாத்தா ஏற முடியாது, பொதுப் பெட்டியில் மூவரும் சேர்ந்தே ஏறுங்கள். பாட்டியின் முழங்காலுக்கு மாம்பலம் படிக்கட்டு ஆகாது. தி.நகர் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்டேஷனுக்கு 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு. ஆனால் நீளம் 570 மீட்டர், மெதுவாக நடந்தால் பத்து நிமிடம் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் உயரம்தான் கணக்கு: 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மூன்று வயது முடிந்த பிள்ளை பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும், டிக்கெட் எடுத்துவிடுங்கள். மாநகரப் பேருந்தில் ஐந்து வயது வரை இலவசம், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பாட்டிக்கும் இலவசம். சென்னையில் குடியிருக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள், தாத்தா அதை வாங்கிக்கொள்ளலாம்.

கிண்டி சிறுவர் பூங்கா அரை நாளுக்குக் கச்சிதம், செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது. 1851இல் தொடங்கியது, ஏகப்பட்ட கட்டடங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் குழந்தையும் பாட்டியும் சேர்ந்து களைத்துப்போவார்கள். திமிங்கில எலும்புக்கூடு இருக்கும் விலங்கியல் பகுதி மட்டும் போதும், மீதி அடுத்த தடவைக்கு. வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர், போக வரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பேரன் வளர்ந்து மகளும் கூட வரும்போது முழு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் செவ்வாய் விடுமுறை.

மெரினாவில் கரை சட்டென்று ஆழமாக இறங்கும், அலை பின்னால் இழுக்கும். கால் நனைக்கக்கூட இந்த வயதில் வேண்டாம். மணலில் விளையாடினாலே போதும், தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி.

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
இடங்களைத் தாம்பரம் பயணி சொல்லிவிட்டார். தாத்தா பாட்டியோடு வெளியே போகும் குழந்தைகளுக்கு நேரும் விபத்துகளில் சில திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, முழங்கை. நடக்க மறுக்கும் பிள்ளையை ஒரு கையைப் பிடித்துச் "சட்"டென்று இழுத்தாலோ, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டினாலோ, முழங்கை எலும்பு இடத்தைவிட்டு லேசாக நழுவும். ஐந்து வயதுக்குள் மிகவும் சகஜம். வீக்கம் இருக்காது, ஆனால் பிள்ளை அந்தக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அசைக்கவே மறுக்கும். எண்ணெய் தடவி நீவாதீர்கள், நீங்களே இழுத்துச் சரி செய்யவும் பார்க்காதீர்கள். டாக்டர் ஒரு நிமிடத்தில் சரி செய்துவிடுவார். தூக்கும்போது எப்போதும் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

இரண்டாவது, சறுக்குமரம். பயப்படுகிறதே என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சறுக்குவார்கள். பிள்ளையின் ஷூ ஓரத்தில் உரசி நிற்கும், பெரியவரின் எடை கீழே தள்ளும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாகச் சறுக்கப் பயப்படும் பிள்ளை சறுக்கவே வேண்டாம். இரும்புச் சறுக்கு என்றால் முதலில் உங்கள் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் மாத்திரை. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பாட்டியின் கைப்பையில் ஒரு வாரத்து மாத்திரை டப்பா இருக்கும், அதே பையில் பிஸ்கட்டும் இருக்கும். பிஸ்கட் தேடும் பிள்ளை டப்பாவைத் திறந்துவிடும். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், இந்த வயதில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்க. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையும் ஆபத்துதான், அதில் இறங்குவது ரத்த அழுத்தம். ஒன்று குறைகிறது என்று சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், மாத்திரை அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே போகும்போது அந்த வேளைக்கு உரிய மாத்திரையை மட்டும் தாத்தாவின் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டிலும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட், காது கேட்கும் கருவி இவற்றின் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டி இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

தி.நகர் தாத்தா:
மாத்திரை விஷயம் இவ்வளவு தீவிரம் என்று தெரியாது, மிக்க நன்றி அம்மா. என் சுகர் இறங்கினால் என்ன செய்வது? சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொள்வது?

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
மாத்திரை போட்டால் டிபன் சாப்பிடாமல் கிளம்பவே கூடாது. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரையோ சர்க்கரையையோ சின்னப் பொட்டலமாக வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் முதலில் எங்காவது உட்கார்ந்து, பேத்தியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, அதைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை, பிறகு நேராக வீடு. அதனால்தான் ஆரம்பத்தில் தனியாகப் போகாமல் இன்னொரு பெரியவரோடு போகச் சொல்வது.

பொருநைக்கரை ஆச்சி:
சாப்பாடு நான் சொல்லுதேன். தயிர்சாதம் புளிக்காம இருக்கணும்னா, ஒரு கப் சாதத்தைக் குழைய மசிச்சு, ஒரு கப் காய்ச்சின பாலை வெதுவெதுப்பா ஊத்தி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடணும். நாலு மணி நேரத்துல பதமா உறைஞ்சிருக்கும். தாளிக்கயில கடுகு, மிளகா வேண்டாம், பிள்ளைக்கு உப்பு போதும். ரெண்டரை மணி நேரத்துக்குச் சாதமே தேவையில்ல. நல்லெண்ணெய் தடவுன குட்டி இட்லி நாலு, ஏலக்கி வாழைப்பழம் ரெண்டு, ஒரு கை பொரி. தண்ணி பிள்ளைக்கு அரை லிட்டர், பெரியவங்களுக்கு ஒரு லிட்டர். வெளியில வெட்டி வச்ச பழம், ஐஸ் போட்ட ஜூஸ் ஆகாது.

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடிக்க முடியாத முறுக்கு, கொட்டையோட சீத்தாப்பழம், புளியங்கொட்டை எதுவும் இந்த வயசுக்குக் கூடாது. திராட்சையை நீளவாக்குல நாலா வகுந்து கொடுக்கணும். ஓடிக்கிட்டோ ஆட்டோவுல குலுங்கிக்கிட்டோ திங்க விடாதீங்க. உடைஞ்ச பலூன் துண்டு கையில இருந்தா உடனே வாங்கிப் போட்டுடணும்.

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
ஆச்சி சொன்ன தடையோடு மீட்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொண்டையில் சிக்கி இருமவோ அழவோ குரல் எழாமல் முகம் கருத்தால், முன்னால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே ஒருவரை 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் தோண்டாதீர்கள். நன்றாக இருமிக்கொண்டிருந்தால் இருமட்டும், தட்ட வேண்டாம்.

பெரம்பூர் பாட்டி:
பையில் இன்னும் இரண்டு: மாற்று உடுப்பு இரண்டு செட், ஈர உடுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பை. போய்ச் சேர்ந்த உடனே கழிப்பறை எங்கே என்று பார்த்துவிட்டு, மணிக்கு ஒருதரம் நீங்களாகவே கூட்டிப்போங்கள். "வருதா?" என்று கேட்டால் விளையாடும் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். கிளம்பும்போது அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சட்டையின் உட்புறத்தில் பேனாவால் போன் நம்பர் எழுதிவிடுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள். கூட்டத்தில் காணவில்லையென்றால் ஒருவர் அதே இடத்தில் நிற்க வேண்டும், இன்னொருவர்தான் தேடவேண்டும். உடனே 112க்குச் சொல்லுங்கள், 1098 குழந்தைகள் உதவி எண்.

சாலையில் விரலைப் பிடிக்காதீர்கள், உருவிக்கொண்டு ஓடிவிடும். மணிக்கட்டைப் பிடியுங்கள். வண்டி போகும் பக்கம் நீங்கள், உள்பக்கம் பிள்ளை. ஆட்டோவிலும் நடுவில்தான் உட்கார வைக்கவேண்டும்.

சேலம் அப்பத்தா:
மால்ல பந்துக்குளம், குதிக்கிற மெத்தை எல்லாம் இருக்கே, வெயிலும் படாது. அங்க கூட்டிப்போனா என்ன?

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
வேறு சமயத்தில் போகலாம் அப்பத்தா. இப்போது வீட்டில் ஐந்து வாரக் குழந்தை இருக்கிறது. மூடிய இடத்தில் நூறு பிள்ளைகள் வாயில் வைத்த பந்து. சளி, கை கால் வாய்ப்புண் நோய் எல்லாம் மூத்தது வழியாகத்தான் கைக்குழந்தைக்கு வரும். திறந்த வெளியே நல்லது. திரும்பி வந்ததும் மூவரும் சோப்புப் போட்டுக் கைகழுவி, உடுப்பு மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொடவேண்டும். பேத்தி தம்பியைக் கொஞ்ச வந்தால் பாதத்தில் முத்தம் கொடுக்கப் பழக்குங்கள், முகத்திலும் கையிலும் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே கைவைத்தியம் எதுவும் இல்லாமல் அன்றே டாக்டர்.

தாத்தா பாட்டி இருவரும் ஃப்ளூ ஊசியும், கக்குவான் சேர்ந்த டிடாப் ஊசியும் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பேரனுக்கு அடுத்த வாரம் 6 வாரத் தடுப்பூசி வரும். அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள். ஊசி போட்ட இரவு குழந்தை சிணுங்கும், மகளுக்குக் கூட ஒரு கை வேண்டும்.

தி.நகர் தாத்தா:
எல்லோருக்கும் நன்றி. நடேசன் பூங்காவிலிருந்து தொடங்குகிறோம். கடைசியாக ஒன்று: பாதியில் "அம்மா வேணும்" என்று அழ ஆரம்பித்தால்? வீடியோ காலில் அம்மாவைக் காட்டலாமா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
வேண்டாம் ஐயா. அம்மா மடியில் தம்பியைப் பார்த்தால் அழுகை இரட்டிப்பாகும், மகளின் தூக்கமும் போகும்.

பெரம்பூர் பாட்டி:
அம்மாவின் பழைய கைக்குட்டையோ துப்பட்டாத் துண்டோ ஒன்று பையில் இருக்கட்டும், அதைக் கையில் கொடுங்கள். "அழாதே" என்பதற்குப் பதில், "அம்மாவைத் தேடுதா? இப்பவே வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லி நிஜமாகவே கிளம்பிவிடுங்கள். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று இழுத்துப் பிடித்தால் அடுத்த தடவை அழுகை இன்னும் முன்னாலேயே தொடங்கும். மகளுக்கு மட்டும், "கால் மணியில் வருகிறோம்" என்று ஒரு மெசேஜ். இரண்டு நாள் விட்டு அதே பூங்காவுக்கே, நேரத்தை முக்கால் மணியாகக் குறைத்துக்கொண்டு போங்கள்.